புட்சால் பெண்களே, விமானம் ஏறும் முன்...

பெண்களுக்கான முதல் புட்சால் (உள்ளரங்கக் கால்பந்து) உலகக் கோப்பை 2025-ல் பிலிப்பைன்ஸில் நடந்தது. திருவண்ணாமலைப் பெண்களும் சீசனுக்கு முன் வெளிநாட்டில் ஆடிப் பழகப் போகலாம். பல நாடுகள் பாஸ்போர்ட் 6 மாதமாவது செல்லுபடியாக வேண்டும் என்கின்றன, தேதியைப் பாருங்கள்.

ஷூவில்தான் பலர் தவறுகிறார்கள். குமிழ் வைத்த கால்பந்து ஷூ உள்ளரங்கத்துக்கு ஆகாது. தரையில் கறை பதிக்காத, தட்டையான ரப்பர் அடி வேண்டும். புதிதென்றால் இரண்டு வாரம் இங்கேயே போட்டு ஓடுங்கள். பந்து 4-ஆம் அளவு, அதிகம் எழும்பாது. மண் மைதானத்தில் அது பிடிபடாது. சமமான சிமென்ட் தளம் தேடுங்கள்.

வேண்டுதல் இருந்தால் 14 கிலோமீட்டர் கிரிவலத்தைப் பத்து நாள் முன்பே முடித்துவிடுங்கள். வெறுங்காலில் நடந்து கொப்புளம் வந்தால் பந்தைத் தொடவே முடியாது. பௌர்ணமியன்று விமானமா? பஸ் கூட்டத்தை நினைத்து முந்தின நாளே சென்னைக்குக் கிளம்பிவிடுங்கள்.