உறையுளும் ஊர்தியும்

முன்னுரை

உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றும் மாந்தர்க்கு இன்றியமையாதன. இவற்றுள் உறையுளுக்குரிய நிலத்தில் ஊர்தியும் பங்கு கேட்கத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டு நகர வாழ்வு தந்த சிக்கலாகும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் இச்சிக்கலைத் தீர்க்க முயன்ற வகையினை இக்கட்டுரை ஆராய்கிறது.

விதியும் விளைவும்

வீட்டுக்கு இத்தனை கார்கள் எனக் கணக்கிட்டு, அவை நிற்க இடம் ஒதுக்கினால்தான் கட்டட அனுமதி என்னும் விதியை அமெரிக்க நகரங்கள் பல வகுத்தன. தெரு நெரிசலைத் தவிர்ப்பதே அதன் நோக்கம். ஆயின், ஒரு கார் நிற்கவும் வந்து திரும்பவும் ஏறத்தாழ 300 சதுர அடி வேண்டும். எளிய குடும்பமொன்று வாழும் ஓரறை வீட்டின் பரப்பு அது. அதற்கான செலவு வாடகையில் ஏறுகிறது. கார் இல்லாதவரும் அதனைச் சுமக்க நேர்கிறது. கலிபோர்னியாப் பல்கலைக்கழக லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகப் பேராசிரியராக விளங்கிய டொனால்ட் ஷூப், 2005-இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக நிறுவினார்.

சட்டமும் வரம்பும்

2022-இல் இயற்றப்பெற்று 2023 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த கலிபோர்னியச் சட்டம், முதன்மையான பொதுப் போக்குவரத்து நிறுத்தங்களிலிருந்து அரை மைல் தொலைவுக்குள் இக்கட்டாயத்தைப் பெரும்பாலும் நீக்கியது. நிறுத்துமிடம் அமைக்க விரும்புவோர்க்குத் தடையில்லை. மாற்றுத்திறனாளிகளுக்குரிய இடங்கள் பற்றிய விதியும் காக்கப்பட்டது.

வீட்டில் இடம் குறைந்தால் கார்கள் தெருவை அடைத்துக்கொள்ளாவோ எனின், அவ்வச்சம் நியாயமானதே. இதற்கு ஜப்பான் 1962-இல் இயற்றிய சட்டம் ஒரு வழி காட்டுகிறது. அங்குக் கார் வாங்குவோர், தம் இருப்பிடத்திலிருந்து 2 கிலோமீட்டருக்குள் நிறுத்துமிடம் உண்டு எனச் சான்று காட்டுதல் வேண்டும். இதனால் பொறுப்பு, வீடு கட்டுவோரை விட்டுக் காருடையாரைச் சார்கிறது.

நிறைவுரை

பேருந்து உரிய நேரத்தில் வாராத ஊரில் விதியை மட்டும் தளர்த்தினால், பணிக்குக் காரையே நம்பிச் செல்லும் தொழிலாளர் அல்லலுறுவர். எனவே நிறுத்துமிட விதி, வீட்டு வசதி, பொதுப் போக்குவரத்து ஆகிய மூன்றையும் ஒருங்கே திட்டமிடுதலே முறை. புதிய கட்டடமொன்றைக் காணும் மாணவச் செல்வங்கள், அங்கு எத்தனை கார்கள் நிற்கும் என்பதோடு, எத்தனை குடும்பங்கள் வாழும் எனவும் வினவுவாராக.