ஸ்விட்ச் நனைந்துவிட்டதா? அரிசி டப்பாவைத் திறக்காதீர்கள்

அணைந்து கிடக்கும் கேம் கன்சோல் நனைந்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஓடிக்கொண்டிருக்கும்போது நனைந்தால்தான் வம்பு. ஈரத்தோடு மின்சாரமும் சேர்ந்தால் போர்டில் உள்ள செம்புத் தடங்கள் மளமளவென்று அரித்துப்போகும், பச்சைக் களிம்பு பூக்கும். அதனால் முதல் வேலை மின்சாரத்தை நிறுத்துவது. அடுத்தது உள்ளே தங்கிய உப்பையும் அழுக்கையும் கழுவுவது. காயவைப்பதெல்லாம் அதற்கப்புறம். நிண்டெண்டோ ஸ்விட்சை வைத்துச் சொல்கிறேன். ஸ்டீம் டெக் போன்ற மற்ற கையடக்க கன்சோல்களுக்கும் அடிப்படை முறை இதுதான், திருகுகளின் இடமும் வகையும் மாறும்.

செய்ய வேண்டியவை: முதல் சில நிமிடங்கள்

• சார்ஜரில் இருந்தால் சுவரில் உள்ள சுவிட்சை முதலில் அணையுங்கள். கேபிளை அதற்குப் பிறகு, உலர்ந்த கையால் உருவுங்கள்.

• முழுதாக அணையுங்கள். பவர் பட்டனை ஒரு தட்டுத் தட்டினால் ஸ்விட்ச் தூங்கத்தான் போகும். திரை கறுத்திருந்தாலும் உள்ளே மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். பட்டனை 12 விநாடிக்குக் குறையாமல் அழுத்திப் பிடித்தால் கட்டாயம் அணைந்துவிடும். ஏற்கெனவே முழுதாக அணைத்து வைத்திருந்தது என்றால் பட்டன் பக்கமே போகாதீர்கள். (1989-இல் வந்த கேம்பாயில் நான்கு பென்சில் செல்லை உருவினால் முடிந்தது. இப்போது பேட்டரி உள்ளே ஒட்டிக் கிடக்கிறது. இந்த முன்னேற்றத்தால் யாருக்கு லாபம் என்று எனக்கு விளங்கவில்லை.)

• இரண்டு ஜாய்கானையும் கழற்றுங்கள். கேம் கார்டையும், ஸ்டாண்டுக்கு அடியில் உள்ள மைக்ரோ எஸ்டி கார்டையும் எடுத்துத் துடைத்துத் தனியே வையுங்கள்.

• தண்ணீர் புகுந்த வழி கீழே பார்க்கும்படி பிடியுங்கள். காற்றுத் துளை, ஹெட்போன் துளை, கேம் கார்டு வாய் மூன்றும் மேல்விளிம்பில் இருப்பதால் பெரும்பாலும் தலைகீழாகப் பிடிக்க வேண்டியிருக்கும்.

• கொட்டியது என்ன என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆர்.ஓ. தண்ணீர் என்றால் கொஞ்சம் மூச்சு விடலாம். போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம். சர்க்கரை போட்ட டீ பட்டன்களுக்கு அடியில் பசையாக இறுகிவிடும். கடல் நீர் என்றால் கழுவுவதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

செய்யக்கூடாதவை

• அரிசியில் புதைக்காதீர்கள். அது வெளி ஈரத்தைக் கொஞ்சம் இழுக்கலாம். சிப்புக்கும் போர்டுக்கும் நடுவே முடி அளவு இடுக்கில் ஏறி நிற்கும் நீரை ஒன்றும் செய்யாது. தண்ணீரே ஆவியானாலும் உப்பு அங்கேயே படிந்திருக்கும். போதாக்குறைக்குத் தவிடும் குருணையும் சார்ஜிங் துளையில் போய் அடைத்துக்கொள்ளும். ஐபோனை அரிசியில் போட வேண்டாம் என்று ஆப்பிள் நிறுவனமே சொல்லியிருக்கிறது.

• ஹேர் டிரையர் வேண்டாம். காற்று ஈரத்தை இன்னும் உள்ளே தள்ளும், சூடு பேட்டரிக்கு ஆகாது. மே மாத வெயிலில் மொட்டைமாடியில் வைப்பதும் அதே கதைதான்.

• உதறாதீர்கள்.

• “வேலை செய்கிறதா பார்ப்போம்” என்று ஆன் செய்யாதீர்கள், சார்ஜும் போடாதீர்கள். பிழைத்திருக்க வேண்டிய பல கன்சோல்கள் இந்த ஆவலில்தான் போய்ச் சேருகின்றன.

• கழுவ சானிடைசரோ நெயில் பாலிஷ் ரிமூவரோ எடுக்காதீர்கள். முன்னதில் தண்ணீரும் பெரும்பாலும் கிளிசரினும் இருக்கும். பின்னதில் அசிட்டோன் இருந்தால் பிளாஸ்டிக்கையே கரைக்கும்.

திறக்கத் துணிந்தால்

பின்மூடியின் நான்கு திருகுகளுக்கு மூன்று கால் கொண்ட ஒய் வடிவத் திருப்புளி வேண்டும். சாதா நட்சத்திரத் திருப்புளியை வைத்துத் திருகினால் தலை மழுங்கிவிடும், பிறகு யாராலும் கழற்ற முடியாது. ஸ்டாண்டுக்கு அடியில் ஒன்று, விளிம்புகளில் சில என்று சாதாரணத் திருகுகளும் உண்டு. கழற்றிய வரிசையிலேயே ஒரு தாளில் ஒட்டி வையுங்கள். உள்ளே ஷீல்டு எனப்படும் உலோகத் தகட்டை எடுத்ததும் பேட்டரி கனெக்டரைப் பிளாஸ்டிக் நெம்பியால் மேலே தூக்கிக் கழற்றுங்கள். அது கழலும்வரை வேறு எதையும் தொட வேண்டாம்.

கழுவுவதற்கு 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், கடைக்காரர்கள் பாஷையில் ஐபிஏ. மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீதத்தில் மீதி தண்ணீர். மிருதுவான பழைய டூத் பிரஷ்ஷை அதில் நனைத்து, வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்த இடங்களைத் தேயுங்கள். கேபிள் கனெக்டர்கள், சார்ஜிங் துளையின் பின்புறம், சிப்களின் ஓரம் ஆகியவற்றை இரண்டு முறை பாருங்கள். திரைமீது ஊற்றிவிடாதீர்கள், ஓரம் வழியாக உள்ளே இறங்கினால் கறை நின்றுவிடும். ஜன்னல், கதவைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் அடுப்போ விளக்கோ எரியக்கூடாது. பிறகு ஃபேன் காற்றில் ஓரிரு நாள் கிடக்கட்டும். முழுதாகக் காய்ந்த பிறகே பேட்டரியை மாட்டி, மூடி, ஆன் செய்து பாருங்கள்.

கை நடுங்கும் என்றால் கடைக்கே கொடுங்கள். ஆனால் ஒன்று கேளுங்கள்: “அண்ணா, ஷீல்டைக் கழற்றி ஐபிஏ-வில கழுவுவீங்களா?” வெறும் ஹாட் ஏர் அடித்துத் தருகிறேன் என்றால் அடுத்த கடையைப் பாருங்கள். வாரண்டியை நம்பியிருக்காதீர்கள், தண்ணீர்ச் சேதம் பொதுவாக அதில் வராது.

மறுபடி ஆன் ஆனால்

ஆன் ஆனதும் விளையாட உட்காராதீர்கள். முதலில் சேவ்களைக் காப்பாற்றுங்கள். அவை கேம் கார்டிலும் இல்லை, மைக்ரோ எஸ்டியிலும் இல்லை. கன்சோலின் உள்நினைவகத்தில் இருக்கின்றன. ஆன்லைன் சந்தா இருந்தால் கிளவுடில் ஏற்றலாம், இல்லையென்றால் இன்னொரு ஸ்விட்சுக்கு மாற்றலாம். மிச்சமிருக்கும் களிம்பு சில வாரம் கழித்துக்கூட வேலையைக் காட்டும், அதனால் இதை அன்றைக்கே முடித்துவிடுங்கள்.

அடுத்த சில வாரங்களுக்குத் தூங்கும்போது சார்ஜ் போட வேண்டாம். பின்மூடி லேசாக உப்பினாலோ, திரை விளிம்பில் இடைவெளி தெரிந்தாலோ பேட்டரி வீங்குகிறது என்று அர்த்தம். உடனே அணைத்துவிடுங்கள். அமுக்கிப் பார்க்காதீர்கள், குத்தாதீர்கள், குப்பைத்தொட்டியில் போடாதீர்கள். மின்கழிவு வாங்கும் இடத்தில் ஒப்படையுங்கள்.