ஆடாத மேசை, மாறும் கருவிகள்



பாஞ்சாலங்குறிச்சி என்றதும் எல்லாருக்கும் கட்டபொம்மன்தான் நினைவுக்கு வருவார். 1974-ல் எழுப்பிய நினைவுக் கோட்டையைப் பார்க்க வேன் வேனாக ஆட்கள் வருகிறார்கள். எங்கள் ஊர்ப் பக்கத்துப் பையன்களோ டிப்ளமோவை முடித்துவிட்டு வேலை தேடித் தூத்துக்குடிக்கு பஸ் ஏறுகிறார்கள். அங்கே படகு இன்ஜின் பட்டறைகள் உண்டு. நம் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். முன்பு 45 நாள், 2017 முதல் 61 நாள். படகு கரையில் நிற்கும் அந்த நாட்களில்தான் பம்ப், ஷாஃப்ட், புஷ் என்று ரிப்பேர் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து விழும்.

நம்மில் ஒருவர் சொந்தமாகப் பட்டறை போட்டால் கிடைக்கப்போவது பத்துக்குப் பன்னிரண்டு அடி வாடகை அறை. வைஸுக்கு ஒரு மேசை, கிரைண்டருக்கு ஒன்று, டிரில்லிங் மெஷினுக்கு ஒன்று என்று போட்டால் நாம் தெருவில்தான் நிக்கணும். அதனால் மேசை ஒன்றே ஒன்று. அதில் கருவிகள் மட்டும் மாறணும். வெளிநாடுகளில் துப்பாக்கி சுடும் விளையாட்டுக்காரர்கள் தோட்டா நிரப்பும் கருவிகளை இப்படித்தான் ஒரே மேசையில் மாற்றி மாற்றிப் பொருத்துகிறார்கள். உரிமம் இல்லாமல் தோட்டா செய்வதை நம் நாட்டில் 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம் தடுக்கிறது. நமக்குத் தோட்டா வேண்டாம், மேசை போதும்!

சட்டம்

நீளம் 1500 மி.மீ., அகலம் 600 மி.மீ., உயரம் சுமார் 850 மி.மீ. உயரத்தை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதீங்க. முழங்கையை மடக்கி நின்றால் வைஸ் தாடையின் மேல்மட்டம் முழங்கை உயரத்துக்கு வரணும். கால்களும் சட்டமும் 50×50×6 ஆங்கிள். மூலைக்கு மூலை முக்கோணத் தகடு வைத்து வெல்டிங்.

மேலே, நீளவாக்கில் 75 மி.மீ. சேனல் நான்கு. இரண்டிரண்டாக முதுகுக்கு முதுகு வைத்து, நடுவே 14 மி.மீ. இடைவெளி விடணும். அந்த இடைவெளிதான் போல்ட் ஓடும் பாதை. இரண்டு பாதைகளுக்கும் நடுத்தூரம் 200 மி.மீ. மற்ற இடத்தில் பலகை. துறைமுகத்தில் இறங்கும் மரத்தை அறுக்கும் மில்களில் துண்டுப் பலகை கேட்டுப் பாருங்கள். நன்றாகக் காய்ந்ததாக இருக்கணும்.

ஒரு கணக்கு

"எலே, மேசை ஆடுச்சுன்னா வேலையும் சரியா வராது, கையும் தப்பாது" என்று என் சித்தப்பா சொல்லுவார். அவர் அனுபவத்தில் சொன்னதை நாம் மொமென்ட் கணக்கில் பார்க்கலாம். சேனல் சுமார் 42 கிலோ, ஆங்கிள் 54 கிலோ, பலகை 20 கிலோ என்றால் மொத்தம் ஏறக்குறைய 115 கிலோ. ஸ்பேனரைப் பிடித்து 1 மீட்டர் உயரத்தில் 400 நியூட்டன் விசையோடு இழுக்கிறோம் என்று வையுங்கள். கவிழ்க்கும் மொமென்ட் 400 நியூட்டன்-மீட்டர். தாங்கும் மொமென்ட் 115 × 9.81 × 0.3, அதாவது 338. பின்கால் தூக்கிவிடும்! கீழ்த்தட்டில் 50 கிலோ தேரி மணலை மூட்டையாக வைத்தால் 485 ஆகிறது. மேசை அசையாது. சுவரோடு போல்ட் போட்டால் இன்னும் நல்லது. உப்பு மூட்டை சும்மா கிடக்கிறதே என்று அதை வைத்துவிடாதீர்கள், இரும்பைத் தின்றுவிடும்.

மாற்றிப் பொருத்துவது

ஒவ்வொரு கருவிக்கும் 260×240×10 மி.மீ. தகடு ஒன்று. எடை சுமார் 5 கிலோ. கருவியை அதில் நிரந்தரமாக முடுக்கிவிடணும். தகட்டின் இடது ஓரத்தில் இரண்டு, வலது ஓரத்தில் இரண்டு என 14 மி.மீ. அகல வெட்டு, வெளிப்பக்கம் திறந்தபடி. பாதையில் நிற்பவை நான்கு எம்-12 போல்ட், 120 மி.மீ. நீளம். போல்ட் தலையில் ஒரு சதுரத் தகட்டை வெல்டிங் செய்து, அதன்மேல் இடைவெளிக்குள் நிற்கும்படி 12 மி.மீ. கம்பித் துண்டு வைத்தால் போல்ட் சுற்றாது. நட்டைத் தளர்த்தி, போல்ட்டை வெளிப்பக்கம் தள்ளினால் தகடு கையோடு வரும். போல்ட் மேசையிலேயே நிற்கும். வேண்டிய இடத்துக்கு நகர்த்தி முடுக்க ஒரே ஸ்பேனர் போதும்.

இதில் உயிர் அந்த 200 மி.மீ. அளவில் இருக்கிறது. ஒவ்வொரு தகட்டையும் தனித்தனியே அளந்து குறிக்காதீங்க. முதலில் ஒரு டெம்ப்ளேட் செய்து, எல்லாத் தகட்டையும் அதை வைத்தே துளையிட்டு, பிறகு வெட்டைத் திறந்துவிடுங்கள். மெட்ராலஜியில் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தோமே, 'இன்டர்சேஞ்சபிலிட்டி', அது இதுதான்! இரண்டு வருஷம் கழித்துப் புதுக் கருவி வாங்கினாலும் அதே டெம்ப்ளேட்டில் ஒரு தகடு போட்டால் மேசையில் உட்கார்ந்துவிடும்.

மண்ணும் காற்றும்

ஒட்டப்பிடாரம் பக்கம் கரிசல் பூமி. ஐப்பசி மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். தரையும் அதோடு சேர்ந்து ஏறி இறங்கும். ஆகவே நான்கு காலிலும் எம்-16 போல்ட் வைத்து, மழைக்கு முன்னும் பின்னும் ரசமட்டம் பார்த்துச் சரிசெய்யணும். தூத்துக்குடியில் என்றால் எதிரி உப்புக்காற்று. மரைகளுக்கு கிரீஸ் போடணும், இரவு பூட்டும் முன் வைஸையும் தகடுகளையும் எண்ணெய்த் துணியால் துடைக்கணும்.

பாதுகாப்பு

கருவியை மாற்றும் முன் பிளக்கை உருவுங்கள். எர்த் இல்லாத பிளக் பாயிண்ட்டில் மெஷினை மாட்டாதீர்கள். கிரைண்டரில் கல்லுக்கும் தாங்கு தகட்டுக்கும் இடைவெளி 3 மி.மீ.க்கு மேல் கூடாது, கண்ணாடி அணியாமல் தீட்டக் கூடாது. டீசலில் பாகங்களைக் கழுவும் தட்டு பக்கத்தில் இருந்தால் கிரைண்டரை மாட்டவே வேண்டாம், தீப்பொறி ஒன்று போதும்.

வேலை கிடைக்கும் வரை காத்திருப்பதா, சொந்தமாகத் தொடங்குவதா என்ற கேள்வி கடைசி வருஷத்தில் எல்லாருக்கும் வரும். தொடங்குகிறவருக்கு முதல் முதலீடு பெரிய மெஷின் அல்ல, ஆடாத மேசைதான். பிராஜெக்டுக்குத் தலைப்பு தேடுகிற தோழர்கள் நாலு பேர் சேர்ந்து இதைச் செய்து பாருங்கள். மார்க்கும் வரும், கோர்ஸ் முடிந்தபின் ஒருவருக்குப் பட்டறையும் ஆகும்.