ஜார்ஜிய சிவப்பு ஒயின்: புதியவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஜார்ஜியக் கிராமத்து 'மரானி'க்குள், அதாவது ஒயின் அறைக்குள் நுழைந்தால் தரையில் வட்ட வட்டமாய் வாய்கள்தான் தெரியும். கீழே ஆள் இறங்கும் அளவுக்குத் தாழிகள் புதைந்திருக்கும். பெயர் க்வெவ்ரி. இந்தத் தாழிகளில் ஒயின் செய்யும் முறையை 2013-இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்நாட்டில் கிடைத்த மண்கல ஓடுகளில் கி.மு. 6000 வாக்கிலேயே ஒயின் இருந்ததற்கான தடயம் உண்டு.

1. தாழியைத் தயார் செய்தல்

மண்ணைத் திரித்து, வளையம் வளையமாக அடுக்கிக் கையாலேயே எழுப்புகிறார்கள், வாரக்கணக்கில் ஆகும். சூளையில் சுட்டபின், வெதுவெதுப்பு இருக்கும்போதே உட்புறம் தேன்மெழுகு பூசுவார்கள். புதைத்துவிட்டால் வெப்பம் ஏறி இறங்காது.

உண்மையான பாடு கழுவுவதில்தான். செர்ரி மரப்பட்டைத் தூரிகையால் தேய்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். அழுக்குத் தங்கினால் ஒயின் கெட்டுப்போகும். என்னைக் கேட்டால், நல்ல க்வெவ்ரி ஒயின் என்பது பாதிக்கு மேல் சுத்தம்தான்.

2. திராட்சை

சபெராவி. கிழக்கே காகெதி வட்டாரத்தின் பெருமை. பெரும்பாலான கறுப்புத் திராட்சைகளுக்குத் தோலில் மட்டுமே நிறம். இதற்குச் சதையும் சிவப்பு. அதனால் ஒயின் மை போல் கறுத்து வரும்.

3. மிதித்து, நொதிக்க விடுதல்

செப்டம்பர், அக்டோபரில் அறுவடை. மரத்தொட்டியில் காலால் மிதித்து, சாற்றைத் தோலோடும் விதையோடும் தாழியில் விடுவார்கள். சக்கை மேலே மிதக்கும். நாளுக்குப் பலமுறை அமுக்கிக் கலக்க வேண்டும். நொதித்து அடங்கியதும் ஒயினைப் பிரித்து வேறு தாழிக்கு மாற்றி, மூடி, களிமண்ணால் அடைப்பார்கள். திறப்பது வசந்தத்தில். மிஞ்சிய சக்கையை வடித்தால் 'சாச்சா' என்னும் காட்டமான சாராயம்.

4. வாங்கும்போது

ஜார்ஜிய ஒயின் எல்லாமே தாழியில் பிறந்ததல்ல. பெரும்பகுதி எஃகுத் தொட்டியில் தயாராகிறது. எனவே லேபிளில் 'க்வெவ்ரி' என்று இருக்கிறதா பாருங்கள். கிண்ட்ஸ்மராவுலி சபெராவியில் செய்த இனிப்பு கலந்த வகை, முதல் மிடறுக்கு எளிது. முக்குசானி இனிப்பற்றது, ஓக் பீப்பாயில் முதிர்வது. நான் பரிந்துரைப்பது இனிப்பற்ற க்வெவ்ரி சபெராவி. துவர்ப்பு முரட்டுத்தனமாக இருக்கும். 16-18 டிகிரியில், சுட்ட இறைச்சியோடு குடித்தால் துவர்ப்பு தணியும்.