பழைய வீடியோ விளையாட்டுகளும் நல்லோர் கூட்டமும்

விளையாட்டென்பது கருவியில் மட்டும் உறைவதன்று. ஆடுவோரிடத்தும் ஆடக் கற்பிப்போரிடத்துமே அஃது உயிர் வாழ்வது. பொருநைக் கரையூர்களில் பல்லாங்குழியை நூல் பார்த்துக் கற்றவர் அரியர். பாட்டியாரருகே அமர்ந்து கற்றவரே பலர். 14 குழிகள் கொண்ட பலகை எஞ்சியும் ஆடுமுறை சொல்வார் இலராயின், அப்பலகை வெறும் மரமேயாம்.

வீடியோ விளையாட்டுகளுக்கும் இஃது ஒக்கும். 1972-இல் ‘பாங்’, 1978-இல் ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’, 1980-இல் ‘பாக்-மேன்’, 1984-இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் இயற்றிய ‘டெட்ரிஸ்’ என இவை வரிசையாகத் தோன்றின. 1983-இல் ஜப்பானில் வெளிவந்த ‘ஃபேமிகாம்’ என்னும் பொறியின் நகல்களைத் தொலைக்காட்சியோடு இணைத்து, 1990-களில் நம் நாட்டுச் சிறுவர் பலர் ஆடி மகிழ்ந்தனர். இன்றோ அவை அருகிவிட்டன. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளிவந்த விளையாட்டுகளில் நூற்றுக்கு 87 விற்பனையில் இல்லையென 2023-இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. ஆகவே, இவற்றை அறிந்தோர் கூடிப் பேசுதல் வீண்பொழுதன்று. அறிவொன்று அழியாது காத்தலாம்.

கூட்டத்தால் விளையும் பயனுக்கு டெட்ரிஸே சான்று. நிண்டெண்டோ பொறிக்கென 1989-இல் வெளிவந்த அவ்விளையாட்டில், 29-ஆம் நிலையில் கட்டைகள் மிக விரைந்து வீழ்தலின், அதுவே முடிவெனப் பல்லாண்டு கருதினர். பின்னர், பொத்தானை விரைந்து தட்டும் முறையைச் சிலர் பயின்றனர். அதன்பின், பொத்தான்மீது ஒரு விரலை வைத்துக்கொண்டு, கைப்பிடியின் பின்புறத்தை ஏனைய விரல்களால் அடுத்தடுத்துத் தட்டும் முறை பிறந்தது. கண்டோர் அதனை மறைத்திலர், யாவர்க்கும் கற்பித்தனர். நிரலை ஆராய்ந்தோர், விளையாட்டு எவ்விடத்து நிலைகுலையும் எனக் கணித்துரைத்தனர். 2023 டிசம்பரில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் 157-ஆம் நிலையை எய்த, விளையாட்டே செயலற்று நின்றது. விரல் அவனது, வழியோ பலர் வகுத்தது.

இத்தகைய நல்ல கூட்டத்தை அறிவது எங்ஙனம்? புதியவன் கேட்கும் எளிய வினாவிற்கு அஃது அளிக்கும் விடையே உரைகல். எள்ளி நகையாடுவது நன்கூட்டமன்று. பிழையைக் காரணங்காட்டித் திருத்துவதும், பழம்பொறி இல்லாது கணினியிலோ கைப்பேசியிலோ ஆடுவோனை இழிவாக எண்ணாமையும், தாம் விரும்பாத விளையாட்டைப் பிறர் விரும்பப் பொறுத்தலும் நற்குறிகளாம். எல்லாவற்றையும் பேசும் பெருங்கூட்டத்தினும், ஒரு பொறியையோ ஒரு விளையாட்டையோ பற்றிப் பேசும் சிறு கூட்டத்தில் அறிவு ஆழ்ந்திருப்பதும் முகமறிந்த நட்பு வாய்ப்பதும் எளிது.

சேர்வோர்க்கும் கடமையுண்டு. முதலிற் சிலநாள் கேட்டிருத்தல் நன்று. வினவுங்கால் பொறி யாது, முயன்றது யாது, நேர்ந்தது யாது என்று விளங்கக் கூறல் வேண்டும். விடை பயன்பட்டதாயின் அதனை நன்றியோடு அறிவித்தால், பின்வருவோர்க்கும் அது வழிகாட்டும். முன்பின் அறியாதாரிடம் இல்ல முகவரியும் பணமும் கொடுத்தலைத் தவிர்க.

மாணவ நண்பர்காள்! இக்கூட்டத்தைச் சேய்மையில் மட்டும் தேடற்க. 1990-களில் இவற்றை ஆடிய பழைய மாணவர் நம்மிடையே உளர். அவர்தம் வீட்டுப் பரணில் பழம்பொறிகளும் கிடத்தல் கூடும். ஒரு மாலை அவர்களை அழைத்து, ஆடச் செய்து, அருகிருந்து கேண்மின். திண்ணைதோறும் நிகழ்ந்த கல்வி மீண்டும் நிகழும்.