வீட்டுப் புகையடுப்பு: தெரிவும் பயன்பாடும்

குளத்து மீனும் வீட்டுக் கோழியும் மலிவாகக் கிடைக்கும் காலத்தில் அவற்றைப் புகையில் வாட்டி உண்ண ஒரு புகையடுப்பு இருப்பது நன்று. 1952 ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா மீன் இதற்கு ஏற்றது. ஆனால் அடுப்பு எதனாற் செய்யப்பட்டது, அதில் எது எரிக்கப்படுகிறது, உணவின் நடுப்பகுதி எவ்வளவு சூடேறிற்று என்னும் மூன்றையும் பாராது புகையூட்டினால், நல்ல மீனும் நஞ்சாகலாம்.

புகையடுப்புகளிற் புதியது மரத்தூட் குளிகையால் இயங்குவது. அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஜோ திரேகர் என்பவர் 1980களில் இதனை உருவாக்கினார். உலர்ந்த மரத்தூளை மிகுந்த அழுத்தத்தில் இறுக்கிச் செய்யும் குளிகைகள் கோழித் தீன் குளிகையைப் போலத் தோன்றும். திருகாணி ஒன்று அவற்றைச் சிறிது சிறிதாக அனற்கிண்ணத்துக்குள் தள்ளும், விசிறி காற்றூட்டும், வெப்பத்தை அளந்து கருவியே தீயைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும். பக்கத்திற் காத்திருக்க வேண்டியதில்லை என்பதே இதன் பெருஞ் சிறப்பு. எனினும் மின்சாரம் நின்றால் அடுப்பும் நின்றுவிடும். மாரிகால ஈரத்திற் குளிகைகள் ஊதித் தூளாகித் திருகாணியை அடைத்துவிடும். ஆகையால் இதனை வாங்குவோர் குளிகைகளை இறுக மூடிய கலத்தில் வைப்பதுடன், வேலை முடிந்ததும் தொட்டியில் எஞ்சியவற்றை வெளியே எடுத்துவிடவும் வேண்டும். குளிர்நாடுகளில் வீட்டைச் சூடாக்க விற்கப்படும் குளிகைகள் உணவுக்குரியவை அல்ல. மின்சாரம் அடிக்கடி தடைப்படும் கிராமத்துக்குப் பீப்பா அடுப்பே தகுந்தது.

200 லீற்றர் கொள்ளும் இரும்புப் பீப்பாவே இதற்குப் போதும். உணவு எண்ணெய் வந்த பீப்பா சிறந்தது. பூச்சிகொல்லி, களைகொல்லி, பங்கசுகொல்லி வைத்திருந்த பீப்பாவோ தகரமோ எத்தனை முறை கழுவினாலும் எரித்தாலும் ஆகாது. தோட்டத்து மூலையிற் சும்மா கிடக்கிறதே என்று அதனை எடுப்பது சிக்கனமன்று. நாகம் பூசிய தகரத்தையும் தீயருகிற் பயன்படுத்தலாகாது. சூடேறினால் அதிலிருந்து தீய ஆவி எழும். எரிபொருள் இருந்த பீப்பாவை வாயுச் சுடராலோ மின்னரத்தாலோ வெட்ட முயன்றால், உள்ளே தங்கிய ஆவி வெடிக்கக்கூடும். அத்தகைய பீப்பாவை விட்டுவிடுவதே மேல்.

பீப்பாவின் அடியில் ஒரு சாண் அகலமான தீவாயில் ஒன்றும், அதனை மூடும் தகடு ஒன்றும் வேண்டும். தீக்கு மேலே துளையிட்ட இரும்புத் தகட்டைப் பொருத்தினால் கொழுப்பு நேரே தணலில் விழாது, சாம்பலும் மேலெழாது. இத்தகடு இன்றியமையாதது. கொழுப்பு தணலில் விழுந்து எரியும்போது எழும் புகையிற் புற்றுநோயை உண்டாக்கவல்ல பொருள்கள் சேர்ந்து இறைச்சியிற் படிகின்றன. உணவை ஏந்தும் கம்பிகள் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே இருத்தல் வேண்டும். முதன்முறை உணவின்றிப் பெருந்தீ மூட்டி, உள்ளிருக்கும் வர்ணமும் எண்ணெயும் எரிந்துபோகும்படி செய்தல் வேண்டும்.

எரிபொருளாகத் தேங்காய்ச் சிரட்டை, உலர்ந்த பொச்சுமட்டை, கொய்யா விறகு ஆகியன நன்று. உமி எல்லோரிடமும் உண்டு. ஆனால் அதன் ஐந்திலொரு பங்கு சாம்பலாகும், அதுவும் பறக்கும் சாம்பல். எனவே உமியைத் தனியே எரிக்காது, சிரட்டைத் தணல்மீது மெல்லிதாகத் தூவித் தீயை அடக்க மட்டும் பயன்படுத்தலாம். மரம் அரியும் ஆலைகளிலிருந்து தூள் வாங்குவோர் அது எம்மரத்தது, மருந்தூட்டிய மரத்ததா என்று கேட்டறிதல் வேண்டும். இறப்பர்ப் பலகைக்கு மருந்தூட்டுவது பொதுவழக்கம். ஒட்டுப்பலகை, வர்ணம் பூசிய பலகை, அலரி, தில்லை, மரமுந்திரிகைக் கொட்டையின் ஓடு ஆகியவை முற்றாக விலக்கத்தக்கவை.

மீனை முதுகுப்புறமாகப் பிளந்து, குடலும் செவுளும் நீக்கிக் கழுவி, ஒரு லீற்றர் நீருக்கு 100 கிராம் உப்புக் கரைத்த கரைசலில் ஒரு மணிநேரம் வரை ஊறவிடலாம். பின்னர் நல்ல நீரில் அலசி, ஈ மொய்க்காதபடி வலைக்குள் நிழலிற் காற்றாடத் தொங்கவிட வேண்டும். விரலால் தொட்டால் மேற்பரப்பு சற்றே ஒட்டும் பதம் வந்ததும் அடுப்பில் ஏற்றலாம். ஈரமாக ஏற்றிய மீனிற் புகை கரிக்கோடாகப் படிந்து கசக்கும். மெல்லிய நீலப்புகையே வேண்டப்படுவது. தடித்த வெண்புகை வந்தால் விறகு ஈரம், அல்லது காற்றுப் போதாது. தீவாயிலைச் சிறிது திறந்துவிட வேண்டும்.

முதல் அரைமணி நேரம் இளஞ்சூட்டில் வைத்து, பின்பு தீயைக் கூட்ட வேண்டும். மீனின் தடித்த இடத்தின் நடுவில் 63 பாகை செல்சியசு வெப்பம் ஏறி, அரைமணி நேரம் அந்நிலையில் நிற்றல் அவசியம். கோழிக்கு 74 பாகை வேண்டும். தோலின் பொன்னிறத்தைக் கண்டு வெந்துவிட்டது எனக் கொள்வது பிழை. புகை பச்சை இறைச்சிக்கும் அந்நிறத்தைக் கொடுக்கும். இதற்கு உணவுக்குரிய உலோக ஊசி வெப்பமானி ஒன்று வாங்குதல் வேண்டும். காய்ச்சல் பார்க்கும் கண்ணாடி வெப்பமானி 42 பாகைக்கு மேல் அளக்காது; சூட்டில் உடையவும் கூடும்.

இவ்வாறு வாட்டிய மீன் கருவாடு அன்று. அதில் ஈரம் இருப்பதால் அன்றே உண்ணுதல் நன்று. எஞ்சியதைக் குளிரேற்றியில் வைத்து இரண்டொரு நாளில் முடித்துவிட வேண்டும். பொலித்தீன் உறையிற் காற்றை நீக்கிக் கட்டி வெளியே வைப்பது மிகக் கேடானது. 1963 இல் அமெரிக்கப் பேரேரிகளின் புகையூட்டிய மீனை அவ்வாறு காற்றற்ற உறையில் அடைத்துப் போதிய குளிரின்றி அனுப்பியதால், பொட்டுலிச நஞ்சு உண்டாகிப் பலர் இறந்தனர். அந்நஞ்சை விளைக்கும் கிருமி காற்றில்லாத இடத்திலேயே பெருகும். மணத்தால் அதனை அறிய முடியாதிருக்கலாம்.

அடுப்பை வீட்டினுள்ளோ மூடிய கொட்டிலிலோ மூட்டலாகாது. தணலிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமும் மணமும் இல்லை. பொச்சுமட்டைத் தணல் மறுநாள் வரையும் உள்ளே கனன்றிருக்கும் ஆதலால், நீர் ஊற்றி அவித்த பின்னரே சாம்பலை அகற்ற வேண்டும். தூய விறகின் சாம்பலைக் கத்தரி, மிளகாய்ப் பாத்திகளுக்கு இடலாம். சுண்ணக்கல் மண்ணுள்ள யாழ்ப்பாணத் தோட்டங்களில் மட்டும் அளவு குறைதல் வேண்டும்.