பழைய போர்ஷே 911இல் ஆக்சிஜன் சென்சார் மாற்றம்: தெரிவுக்கான வழிகாட்டி

போர்ஷே நிறுவனம் 1997இல் அறிமுகப்படுத்திய, 996 என்ற வரிசை எண்ணால் அறியப்படும் 911 கார்களில் பெரும்பாலானவை இருபது ஆண்டுகளைக் கடந்துவிட்டதால், அவற்றின் புகைக்குழாய்களில் பொருத்தப்பட்ட ஆக்சிஜன் சென்சார்கள் தேய்ந்து, இன்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிவது உரிமையாளர்கள் வழக்கமாக எதிர்கொள்ளும் நிலையாகிவிட்டது. அப்போது ஒரு சென்சாரை மாற்றுவதா நான்கையும் மாற்றுவதா, கார் நிறுவனத்தின் பெட்டியில் வருவதை வாங்குவதா வெளிச்சந்தையில் கிடைப்பதை வாங்குவதா, வேலையைத் தாமே செய்வதா பிறரிடம் ஒப்படைப்பதா என்று பல தெரிவுகள் முன்னிற்கின்றன. இவற்றுக்கு விலைப்பட்டியல் விடை தருவதில்லை. சென்சார் எவ்வகையில் பழுதுற்றது, உண்மையிலேயே பழுதுற்றதுதானா என்பதை அறிந்த பிறகே ஒவ்வொரு தெரிவும் தெளிவாகிறது.

சென்சார் செய்யும் வேலை

ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று தேவைப்படுகிறது. இன்ஜினுக்குள் உண்மையில் செல்லும் காற்றை இந்தத் தேவையால் வகுத்தால் கிடைக்கும் விகிதத்துக்கு லாம்டா என்று பெயர். அது ஒன்றை ஒட்டி நிற்கும்போதுதான், கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடு ஆகிய மூன்றையும் ஒருங்கே குறைக்கும் வினையூக்கி மாற்றி, அதாவது கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், செவ்வனே இயங்குகிறது. இந்த விகிதத்தைக் கண்காணிப்பதற்காக ஜெர்மனியின் போஷ் நிறுவனம் உருவாக்கிய சென்சார் 1976இல் வால்வோ 240 வரிசைக் கார்களில் இடம்பெற்றது. அமெரிக்கச் சந்தைக்கான 911 கார்களில் அது 1980ஆம் ஆண்டு மாடலிலிருந்து வந்தது.

சென்சாரின் உள்ளே சிர்கோனியா எனும் பீங்கான் பொருளின் ஒரு பக்கம் புகையும் மறுபக்கம் வெளிக்காற்றும் படுமாறு அமைக்கப்பட்டு, இரு பக்கங்களிலும் பிளாட்டினம் பூசப்பட்டிருக்கிறது. ஏறத்தாழ 300 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடானதும், இரு பக்க ஆக்சிஜன் அளவுகளுக்கு இடையிலான வேறுபாடு மின்னழுத்தமாக வெளிப்படுகிறது. கலவையில் பெட்ரோல் மிகுந்தால் அந்த அழுத்தம் 0.8 அல்லது 0.9 வோல்ட் வரை ஏறி, காற்று மிகுந்தால் 0.1 வோல்ட் அளவுக்கு இறங்குகிறது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது புகையின் சூட்டுக்காகக் காத்திராமல் விரைவில் வேலையைத் தொடங்க, சென்சாருக்குள்ளேயே ஒரு மின்சூடேற்றியும் வைக்கப்பட்டிருக்கிறது.

அமெரிக்காவில் 1996 மாடல் முதல் கட்டாயமான ஓபிடி-2 எனும் தற்சோதனை முறைக்கு ஏற்ப, அந்நாட்டுக்கான 996 கார்களில் நான்கு சென்சார்கள் உள்ளன. ஆறு சிலிண்டர் பாக்சர் இன்ஜினின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு வினையூக்கி மாற்றி இருப்பதால், அதற்கு முன்னே ஒன்றும் பின்னே ஒன்றுமாக இவை பொருத்தப்பட்டுள்ளன. முன் சென்சாரின் சொல்லைக் கேட்டே கணினி பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கிறது. பின் சென்சாரின் முதன்மைப் பணி, மாற்றி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று கண்காணிப்பதாகும். இந்த வேறுபாடு பின்வரும் தெரிவுகள் அனைத்துக்கும் அடிப்படையாகும்.

முதல் தெரிவு: உடனே மாற்றுவதா, முதலில் சோதிப்பதா

சென்சார் ஒரு சாட்சி. அது கலவை கெட்டிருப்பதைச் சொல்வதாலேயே அதுதான் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டினால், உண்மையைச் சொன்ன சாட்சி விலக்கப்பட்டுக் குற்றம் அப்படியே நீடிக்கும். ஆகவே பிழைக் குறியீட்டின் பொருளை நுணுக்கமாகப் படிப்பது முதற்கடமை. பி0135, பி0155 ஆகியவை முறையே முதல், இரண்டாம் பக்கங்களின் முன் சென்சார் சூடேற்றிச் சுற்றையும், பி0141, பி0161 ஆகியவை பின் சென்சார்களின் சூடேற்றிச் சுற்றையும் குறிக்கின்றன. 911இல் முதல் பக்கம் என்பது காரின் இடப்புறத்திலுள்ள 1 முதல் 3 வரையான சிலிண்டர்கள்.

இவற்றுள் ஒன்று மட்டும் தோன்றினால், கனெக்டரைக் கழற்றி, சூடேற்றியின் மின்தடையை மல்டிமீட்டரால் அளக்க வேண்டும். நல்ல சூடேற்றி சில ஓம்களே காட்டும். மின்தடை எல்லையற்றதாகத் தெரிந்தால் உள்கம்பி அறுந்துவிட்டது என்பதும் சென்சார் மாற்றப்பட வேண்டும் என்பதும் உறுதி. மாறாக, நான்கு சூடேற்றிக் குறியீடுகளும் ஒரே வேளையில் தோன்றினால், நான்கு சென்சார்களும் ஒன்றாகப் பழுதுற்றிருப்பதைவிட அவற்றுக்கு மின்சாரம் தரும் ஃபியூஸ், ரிலே அல்லது வயரிங் பழுதுற்றிருப்பதற்கே வாய்ப்பு மிகுதி.

கலவை மெலிந்திருக்கிறது, அதாவது காற்று மிகுந்திருக்கிறது என்று இரு பக்கங்களுக்கும் ஒருசேரக் குறியீடு வந்தால் சந்தேகம் சென்சாரை விட்டு வேறிடத்துக்கு நகர வேண்டும். இத்தகைய போக்கை ஈடுசெய்யக் கணினி செய்துவரும் திருத்தங்களை ஸ்கேனர் கருவியில் காணலாம். ஐடிலிங் நிலையில், அதாவது வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போது, திருத்தம் மிகுந்தால் காற்றுக்கசிவையும், சுமையுடன் ஓடும்போது மிகுந்தால் உள்வரும் காற்றை அளக்கும் சென்சாரையோ பெட்ரோல் அழுத்தத்தையோ ஆராய வேண்டும். 996இல் காற்றுக்கசிவின் பெயர்பெற்ற காரணம், இன்ஜினின் உட்காற்றிலிருந்து எண்ணெயைப் பிரித்தெடுக்கும் எண்ணெய்ப் பிரிப்பான் கிழிவதுதான். கிழிந்தால் அது கணக்கில் வராத காற்றை உள்ளே விடுவதோடு எண்ணெயையும் எரியவிட்டு, அதன் சாம்பலைச் சென்சாரின் மேல் படியவிடுகிறது. குளிரூட்டி நீர் சிலிண்டருக்குள் கசிந்தாலும், இன்ஜினில் பொருந்தாத சிலிகோன் பசை பயன்படுத்தப்பட்டிருந்தாலும் இதே கேடு நேரும். இக்காரணங்களைக் களையாமல் பொருத்தப்படும் புதிய சென்சார் பழையதன் வழியிலேயே கெடும்.

இரண்டாம் தெரிவு: ஒன்றா, இரண்டா, நான்கா

சூடேற்றி அறுந்துபோவது பெரும்பாலும் அந்த ஒரு சென்சாரின் தனிப்பழுது என்பதால், மற்றவை நலமாக இருக்கும் குறைந்த ஓட்டக் காரில் அதை மட்டும் மாற்றுவது நியாயமானது. ஆனால் சென்சார் மந்தமாகியிருந்தால், அதாவது அதன் மின்னழுத்தம் மேலும் கீழும் விரைந்து ஊசலாடாமல் தயங்கித் தயங்கி மாறினால், அது முதுமையின் அடையாளம்; அதே புகையை அதே காலம் சுவாசித்த மறுபக்க முன் சென்சாரும் அந்த நிலையை நெருங்கியிருக்கும். சூடேற்றி உள்ள சென்சார்களின் ஆயுள் பொதுவாக 1,60,000 கிலோமீட்டர் அளவில் மதிப்பிடப்படுவதால், அந்த ஓட்டத்தை நெருங்கிய காரில் இரு முன் சென்சார்களையும் ஒருங்கே மாற்றுவதே சிறந்தது. ஒரு பக்கம் விரைவாகவும் மறுபக்கம் மந்தமாகவும் பதிலளித்தால் இரு பக்கக் கலவைத் திருத்தங்களும் வேறுபட்டு, அடுத்த பழுதைக் கண்டறிவது கடினமாகும்.

நான்கையும் மாற்றுவது பெரும்பாலான வேளைகளில் தேவையற்ற செலவாகும். பின் சென்சார் மாற்றியைக் கடந்து வரும் தூய்மையான புகையைச் சந்திப்பதால் மெதுவாகவே முதுமையடைகிறது. நல்ல மாற்றியின் பின்னே அதன் மின்னழுத்தம் 0.6 அல்லது 0.7 வோல்ட்டை ஒட்டி ஏறக்குறைய நிலையாக நிற்கும். அது முன் சென்சாரைப் போலவே ஊசலாடத் தொடங்கி, பி0420 அல்லது பி0430 தோன்றினால், ஐயத்துக்குரியது மாற்றியே தவிரப் பின் சென்சார் அன்று. அந்த உண்மையை மறைக்கப் பின் சென்சாரைப் புகையிலிருந்து விலக்கி நிறுத்தும் இணைப்புகளும் போலிச் சமிக்ஞைக் கருவிகளும் விற்கப்படுகின்றன. அவை பழுதை நீக்காமல் மாசை ஒளிப்பவை. அமெரிக்காவில் மாசுக்கட்டுப்பாட்டு அமைப்பைச் சிதைக்கும் செயலாகச் சட்டத்துக்குப் புறம்பானவையும்கூட. எனவே அவை தெரிவுகளின் பட்டியலிலேயே இடம்பெறத் தக்கவை அல்ல.

மூன்றாம் தெரிவு: எந்தச் சென்சார்

சந்தையில் நான்கு வகைகள் கிடைக்கின்றன. முதலாவது, போர்ஷே பகுதி எண்ணுடன் கார் நிறுவனத்தின் பெட்டியில் வருவது. பொருத்தத்தில் ஐயமே இல்லாதது. விலையே அதன் குறை. இரண்டாவது, அதே காருக்கென்று போஷ் தன் சொந்தப் பெயரில் விற்கும் நேரடிப் பொருத்தச் சென்சார். 996இன் இன்ஜின் மேலாண்மை அமைப்பையே வழங்கியது போஷ்தான் என்பதால் இதன் தரம் முதலாவதற்கு இணையானது. கனெக்டரும் கம்பி நீளமும் சரியாக அமைவதால் எதையும் வெட்டி ஒட்ட வேண்டியதில்லை. விலையையும் நம்பகத்தன்மையையும் சேர்த்து நோக்கினால் பெரும்பாலான உரிமையாளர்களுக்கு இதுவே உகந்த தெரிவு.

மூன்றாவது, பொதுச் சென்சார். இதற்குக் கனெக்டர் இராது. பழைய சென்சாரின் கனெக்டரை வெட்டி எடுத்து, கம்பிக்குக் கம்பி இணைக்க வேண்டும். போஷின் நான்கு கம்பிச் சென்சாரில் கறுப்பு சமிக்ஞைக்கும், சாம்பல் அதன் எர்த்துக்கும், இரு வெள்ளைகள் சூடேற்றிக்கும் உரியவை. ஆனால் டென்சோ போன்ற பிற நிறுவனங்களின் நிறமுறை வேறு என்பதால், நிறத்தை மட்டும் நம்பி இணைப்பது ஆபத்து. மேலும், பல வடிவமைப்புகளில் ஒப்பிடுவதற்கான வெளிக்காற்று கம்பி இழைகளின் இடைவெளி வழியாகவே உள்ளே வருகிறது. சாலிடர் வைத்தால் அந்த வழி அடைபட்டு அளவீடு பிறழும். ஆகவே இணைப்புகள் அழுத்திப் பொருத்தும் கிரிம்ப் முறையில், நீர் புகாத உறையுடன் அமைய வேண்டும். வெப்பமும் அதிர்வும் மிகுந்த இடத்தில் நான்கு இணைப்புகள் கூடுவது நான்கு புதிய பலவீனங்கள் கூடுவதற்குச் சமம் என்பதால், நேரடிப் பொருத்தச் சென்சார் கிடைக்காத நிலையில் மட்டுமே இவ்வகையை நாடலாம்.

நான்காவது, பெயரறியா உற்பத்தியாளரின் மலிவுச் சரக்கும் பழைய காரிலிருந்து கழற்றிய சென்சாரும். இவற்றின் எஞ்சிய ஆயுளும் பதிலளிக்கும் வேகமும் அறியப்படாதவை. சேமித்த பணம் அடுத்த சோதனைக் கட்டணத்தில் கரைந்துவிடும் என்பதால் இரண்டையும் தவிர்ப்பது நல்லது.

எதை வாங்கினாலும் சேசிஸ் எண்ணைக் கொண்டு பகுதி எண்ணை உறுதிசெய்துகொள்வது இன்றியமையாதது. 3.4 லிட்டர் இன்ஜினும், 2002 மாடலில் வந்த 3.6 லிட்டர் இன்ஜினும் வெவ்வேறு மேலாண்மை அமைப்புகளைக் கொண்டவை. முன், பின் சென்சார்களின் கம்பி நீளங்களும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பிற்காலக் கார்களில் வந்த, ஐந்து அல்லது ஆறு கம்பிகள் கொண்ட அகல்வீச்சுச் சென்சார் வேறொரு தத்துவத்தில் இயங்குவதால் அதை நான்கு கம்பிச் சென்சாருக்கு மாற்றாகக் கொள்ள முடியாது.

நான்காம் தெரிவு: யார் கையால்

வேலை எளியது, ஆனால் துரு அதைக் கடினமாக்குகிறது. வறண்ட நாட்டில் ஓடிய காரில், உறுதியான தாங்கிகளின் மேல் காரை நிறுத்தி, கம்பி நுழையப் பிளவு வெட்டப்பட்ட 22 மில்லிமீட்டர் சாக்கெட்டைக் கொண்டு உரிமையாளரே இதைச் செய்துவிடலாம். குளிர்காலச் சாலைகளில் உப்புத் தூவும் நாடுகளில் ஓடிய காரில் சென்சார் துருப்பிடித்து இறுகியிருந்தால், அதை வலிந்து திருப்பும்போது எம்18 அளவுள்ள மரை சிதைந்து, புகைக்குழாயையே சீர்செய்ய வேண்டிய நிலை வரலாம். அத்தகைய காரை, போர்ஷே அனுபவமுள்ள தனிப்பட்ட பட்டறையிடம் ஒப்படைப்பதே சிக்கனம். நிறுவனச் சேவை மையத்தின் கூடுதல் கட்டணம், வயரிங்கிலோ கணினியிலோ பழுது ஒளிந்திருந்து மற்றவர்களால் கண்டறிய முடியாதபோதுதான் பொருளுடையதாகிறது.

புதிய சென்சாரின் மரையில் இறுகாமல் காக்கும் பசை பெரும்பாலும் தயாரிப்பிலேயே பூசப்பட்டிருக்கும். கூடுதலாகப் பூசும் தேவை நேர்ந்தால் முனையில் ஒரு துளியும் படக்கூடாது. கீழே விழுந்த சென்சாரின் பீங்கான் கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் கண்டிருக்கக்கூடும் என்பதால் அதைப் பொருத்தக்கூடாது. முறுக்கும் விசை 40 முதல் 60 நியூட்டன் மீட்டருக்குள் அமைய வேண்டும். கம்பி பழைய பாதையிலேயே, பழைய பிடிப்புகளில், சூடான குழாயைத் தொடாமல் செல்ல வேண்டும்.

மாற்றிய பின்பும், முடிவாகவும்

குறியீடுகளை அழித்த உடனே காரை மாசுச் சோதனைக்குக் கொண்டுசெல்வது வீண். கணினி தன் தற்சோதனைகளை மீண்டும் முடிக்கும் அளவுக்கு நகரிலும் நெடுஞ்சாலையிலும் கலந்து ஓட்டிய பிறகே செல்ல வேண்டும். பிரிட்டனின் ஆண்டுச் சோதனையில் உயர்ந்த ஐடிலிங் வேகத்தில் லாம்டா 0.97 முதல் 1.03 வரை இருக்க வேண்டும் என்ற வரம்பு, வேலை சரியாக முடிந்ததா என்பதற்கான நல்ல அளவுகோலும் ஆகும்.

தொகுத்துச் சொன்னால், சூடேற்றி அறுந்த குறைந்த ஓட்டக் காருக்கு அந்த ஒரு சென்சாரும், முதுமையால் மந்தமான முன் சென்சார் உள்ள காருக்கு இரு முன் சென்சார்களும், மாற்றிப் பழுதுக்கு மாற்றியும், காற்றுக்கசிவுக்குக் கசிவைச் சீர்செய்வதும் உரிய தீர்வுகள். வாங்க வேண்டியது அக்காருக்கென்றே தயாரான போஷ் நேரடிப் பொருத்தச் சென்சார். பழைய காரைப் பேணுவோருக்கு மிகுதியான செலவு வைப்பது விலை உயர்ந்த பகுதியன்று, சோதிக்காமல் வாங்கிய பகுதியே. எனவே முதற்செலவைச் சோதனைக்கும் அடுத்த செலவைப் பொருளுக்கும் ஒதுக்குவதே இந்தக் கார்களை இன்னும் பல்லாண்டுகள் தூய்மையாக ஓடவைக்கும் நெறி.